மணியடிக்காத நேரம்

சிறார் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் ஓர் உணவுப் பட்டியல் இருக்கிறது. இல்லங்களில் வாழும் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு எது எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம் சேர்த்து 600 கிராம், 16 வயதைத் தாண்டியவனுக்கு 700. பருப்பு 120. எண்ணெய் 25. காய்ந்த மிளகாய் 5. காலையில் பால் 150 மில்லி. உப்பு 25.

உப்பு என்ற வரியில் கண் நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. இங்கே ஐந்து மடங்கு. காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று வேலை செய்து வியர்க்கிற ஆளுக்கான அளவு இது. வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பதினாலு வயதுப் பையனை மனதில் வைத்து யாரும் இதை எழுதியிருக்க முடியாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சட்டம் படிப்பது என் வேலையில்லை. ஆனால் விதி, அட்டவணை, பட்டியல் என்று எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வந்துவிடும். இதில் எழுதப்படாத இடம் எது? எங்கள் தொழிலில் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வளர்ந்த பையன்களைக் கூட்டமாக வைத்து வளர்க்கும் இல்லங்களின் வரலாற்றையும் அந்தக் கேள்வியோடுதான் தேடிப் படித்தேன். அதற்கு ஒரு காரணம் 2022 டிசம்பரில் செங்கல்பட்டில் நடந்தது. இன்னொரு காரணம் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மரக்காணத்துப் பக்கத்து நண்பன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டியிருப்பார்கள். சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வெள்ளைக் குவியல்கள், சிலவற்றின்மேல் கீற்று. போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துகிற இடம். 1870களின் தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி ஆட்களை இறக்கி வேலை வாங்கிய பக்கிங்காம் கால்வாய் தெற்கே இங்கே வந்துதான் முடிகிறது. உப்புத் தொழில் அதைவிடப் பல நூறு வருஷம் பழசு. ஊர் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் வந்துவிடுகின்றன.

உப்பளத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தால் மழை வரும்வரை வேலை. ஐப்பசி பிறந்தால் எல்லாம் கரைந்துவிடும், பிறகு கடன்தான். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு சில வருஷங்களுக்கு முன்புதான் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். அளத்தில் உப்பு கொட்டுகிற மே மாதத்தில் பள்ளியும் விடுதியும் பூட்டியிருக்கும். வீட்டில் பணமே இல்லாத மழைக்காலத்தில் திறந்திருக்கும். அதனால் அந்தக் கரையில் விடுதி என்பது படிக்கிற இடம் மட்டுமில்லை. வருஷத்தின் வெறும் மாதங்களில் வீட்டில் ஒரு வயிற்றைக் குறைக்கிற இடமும் அதுதான்.

என் நண்பன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அப்படி ஒரு விடுதியில் இருந்தவன். எந்த ஊர் என்பதை விட்டுவிடுகிறேன். ஒரு ட்ரங்க் பெட்டி, பேர் பொறித்த தட்டு, ஒரு போர்வை. காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். அடிபம்பு ஒன்று, பையன்கள் எழுபது பேர், அதனால் நாலரைக்கே எழுந்து குளித்துவிடுகிறவன் புத்திசாலி. ஏழு மணிக்குப் படிப்பு, எட்டுக்குச் சாப்பாடு, பிறகு பள்ளி. நாலரைக்குத் திரும்பினால் சுண்டல். ஆறு மணிக்கு விளையாட்டு முடிந்து படிப்பு, எட்டுக்குச் சோறு, ஒன்பதுக்கு விளக்கணைப்பு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து வேலியில் காயப்போட்டுவிட்டு ஜட்டியோடு கிரிக்கெட். கறி போடுகிற நாளில் யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள்.

“ஜூன்ல திரும்பி வரும்போது காலைப் பாத்தாலே தெரிஞ்சிடும்டா, யாரு உப்பளத்துப் பையன்னு. பாளம் பாளமா வெடிச்சிருக்கும். ரெண்டு மாசம் ஆவும் ஆறதுக்கு” என்பான். மே மாதம் முழுக்க அப்பாவோடு பலகை பிடித்து உப்பு வாரிவிட்டு வந்திருப்பான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்ன கதைகள். ஒரு கதையை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான். “வார்டன் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவார். அதுக்கப்பறம் பிளஸ் டூ அண்ணனுங்கதான் வார்டன்.” விளக்கை அணைத்த பிறகு கால் அமுக்கச் சொல்வது, பெட்டியை உடைப்பது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் சின்னப் பையனைப் பேர் வைத்துக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பது. அவனும் பிளஸ் டூ வந்தபோது அதையே செய்தானா என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், “நானும்தான்.”

அட்டவணையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்தரை வரை ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கும்: உறக்கம்.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் மரக்காணத்துக்கு வடக்கே செங்கல்பட்டுக் கோட்டைக்குப் போய்ச் சேர்கிறோம். மேரி கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் 1866இல் இந்தியாவுக்கு வந்து, பெரியவர்களோடு ஒரே சிறையில் பையன்களை அடைக்காதீர்கள் என்று மன்றாடினார். பத்து வருஷம் கழித்து, 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1887இல் சென்னை மாகாணத்துக்கான சீர்திருத்தப் பள்ளி செங்கல்பட்டில் திறக்கப்பட்டது. அடுத்த வருஷமே அதைச் சிறைத்துறையின் கையிலிருந்து எடுத்துக் கல்வித்துறையிடம் கொடுத்தார்கள். பெரிய விஷயம்தான் அது. காவலாளியின் இடத்தில் வாத்தியாரை வைக்க வேண்டும் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

1897இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். 15 வயதுக்குட்பட்ட பையன்கள், 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷத்துக்கு மேற்படாமல் அடைத்து வைக்கலாம், 18 ஆனால் வெளியே விட்டுவிட வேண்டும். வளர்ந்தவன் கடைத்தெருவில் எதையாவது எடுத்தால் சில வாரமோ சில மாதமோ சிறை, பையன் எடுத்தால் மூன்று வருஷம்! சீர்திருத்தம் என்று பேர் வைத்தவுடன் காலம் நீண்டுவிடுகிறது. தண்டனைக்கு அளவு உண்டு, நல்லெண்ணத்துக்கு ஏது?

அந்தச் சட்டத்தில் இப்படி ஒரு பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்கிறது. குடிநீர், உணவு, உடை, படுக்கை, தொழிற்பயிற்சி, நோயாளிகளுக்கு ஓரிடம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதலாவதாக எழுதியிருப்பது இது: பையன்களை இரவில் தனித்தனியாகப் பிரித்து வைக்கப் போதிய வசதி. எழுதியவர்களுக்குப் பையன்கள்மேல் இருந்த சந்தேகம் அந்த வரியில் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும், இரவு என்று ஒன்று இருக்கிறது, அப்போது ஏதோ நடக்கும் என்பதையாவது அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிரித்து வைத்தால் போதும் என்று நினைத்தார்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனம். அங்கே அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முனுசாமி என்றொரு பையன் படித்தான். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்திலிருந்து வந்தவன். அந்தக் காலத்தில் ஒரு பறையர் வீட்டுப் பையனுக்கு எழுத்தும் சோறும் ஒரே இடத்தில் கிடைத்தது பெரும்பாலும் மிஷன்களில்தான், அதை மறைத்து வரலாறு எழுத முடியாது. ஆனால் அந்தச் சோற்றோடு ஒரு எதிர்பார்ப்பும் வந்தது. மதம் மாற மனமில்லாமல் முனுசாமி வெளியேறினான் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிறகு குடும்பத்தோடு கோலார் தங்க வயல், அங்கிருந்து சாமியார்களைத் தேடி அலைச்சல், வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகள் மடம். அங்கே வைத்த பேர்தான் சகஜானந்தர். 1910இல் சிதம்பரத்துக்கு வந்தவர் 1916இல் நந்தனார் பள்ளியை ஆரம்பித்தார். தொடக்கத்தில் 25 பிள்ளைகள். பின்னாளில் சட்டமன்றம்வரை போனார், 1959இல் இறக்கும்வரை அந்தப் பள்ளியை விடவில்லை.

இந்தக் கதையைப் பொதுவாக ஒரு துறவியின் கல்வித்தொண்டாகச் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு. வேறொருவர் கட்டிய வீட்டில், அவர் போடுகிற கணக்கில் சாப்பிட்டுப் பார்த்த பையன் வளர்ந்து தானே ஒரு வீடு கட்டுகிறான். எந்தச் சோற்றுக்குப் பின்னால் என்ன கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மாணவனாக இருந்து பார்த்தவர் நடத்துவதற்கும் ஆய்வு செய்ய வந்து பார்த்தவர் நடத்துவதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது பையனும் இந்தப் பக்கத்தவன்தான், ஆனால் அவன் போய்ச் சேர்ந்த இடம் திருநெல்வேலிச் சீமை. திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரில் இருந்து ராமசாமி ரெட்டியார் தன் மகனை வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் சேர்த்தார். 1922 இறுதியில் தொடங்கிய குருகுலம். தாய்மொழியில் பாடம், கைத்தொழில், உடற்பயிற்சி, தேசபக்தி. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம் கொடுத்திருந்தது. இலக்கியத்திலும் வீரத்திலும் ஐயரைக் குறை சொல்ல ஆளில்லை. அவர் போட்ட அட்டவணையிலும் குறையில்லை. தகராறு வந்தது அட்டவணையில் இல்லாத இடத்தில். பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு, தனியாகத் தண்ணீர்ப் பானை. ரெட்டியாரின் மகன் அந்தப் பானையில் தண்ணீர் குடித்ததற்காக அடி வாங்கினான் என்று வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து விஷயம் வெளியே வந்தது என்பார்கள்.

பிறகு நடந்தது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன், ரெண்டு பையன்கள்தானே என்பது ஐயர் தரப்பு. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கே திரும்பியது. ஆனால் அந்தச் சண்டையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் தேடினால், தாகமெடுத்த பையன் யோசித்தது என்ன, அன்றிரவு எங்கே படுத்தான், பக்கத்தில் படுத்தவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி கிடைக்காது. தீர்மானங்கள் கிடைக்கும், நன்கொடைக் கணக்கு கிடைக்கும்.

அந்தப் பையனின் அப்பாதான் 1947இல் சென்னை மாகாணத்தின் பிரதமர், அதாவது முதலமைச்சர். எல்லாச் சாதியினரையும் கோயிலுக்குள் விடும் சட்டம் அந்த வருஷம் அவருடைய ஆட்சியில் வந்தது. 1949இல் பதவி போனதும் ரெட்டியார் வடலூருக்குப் போய் சுத்த சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தினார். பள்ளிக்கூடமும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இடமும் அதில் அமைந்தன. வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்புக்குப் பக்கத்தில், யார் வந்தாலும் ஒரே பந்தி என்கிற ஊரில். சேரன்மாதேவிப் பானை அவர் மனதில் இருந்ததா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. இருக்காமலா இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

அரசாங்க விடுதிகளின் கதை இந்த அளவுக்குச் சுவாரசியமில்லாதது. 1920களில் தொழிலாளர் துறையின் கீழ் தொடங்கியது, பிறகு அரிஜன நலத்துறை, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் துறை என்று பரவியது. 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பேர் மாற்றியபோது அரசு சொன்ன கணக்கு 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள். பள்ளி மாணவனுக்கு மாத உணவுப்படி 2023இல் ஆயிரத்திலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 47 ரூபாய்க்கும் கொஞ்சம் கீழே, மூன்று வேளைக்கு. இதில் முட்டையும் கறியும் எப்படி வருகிறது என்பது சமையற்கட்டுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நண்பனிடம் அந்த 25 கிராம் உப்புக் கதையைச் சொன்னபோது, “அளவெல்லாம் ரெஜிஸ்டருக்குடா. ஆயா கையால அள்ளிப் போடும்” என்றான்.

இந்த விடுதிகளைக் குறை சொல்லி முடித்துவிடுவது சுலபம். நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அதைத்தான் செய்கிறோம். என் நண்பன் பொறியாளன் ஆனதற்கு அந்த எழுபது பேர் விடுதி இல்லாமல் வேறு வழியே இருந்திருக்காது. அவன் ஊரில் அவனுக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய பையன்கள் எல்லோரும் ஏதோ ஒரு விடுதியின் வழியாகப் போனவர்கள்தான். அதனால்தான் இரவைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை.

இனி செங்கல்பட்டுக்குத் திரும்ப வேண்டும். சீர்திருத்தப் பள்ளி என்ற பேர் போய் சர்ட்டிஃபைட் ஸ்கூல், அப்ரூவ்டு ஸ்கூல், சிறப்பு இல்லம், கூர்நோக்கு இல்லம் என்று சட்டத்துக்குச் சட்டம் புதுப் பேர்கள் வந்தன. 1920இல் இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது சென்னை மாகாணம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான். 1986, 2000, 2015 என்று மூன்று சிறார் நீதிச் சட்டங்கள் வந்தன. 2015 சட்டம் இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பதையே தனிக் குற்றமாக்கியது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் மூன்று மாதம்வரை சிறை. மாதிரி விதிகளில் 25 பிள்ளைகளுக்கு ஒரு படுக்கைக்கூடம், அது ஆயிரம் சதுர அடி என்பதுவரை இருக்கிறது. அன்றாட அட்டவணை, பிள்ளைகள் குழு, புகார்ப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. காகிதத்தில் இதைவிட நல்ல இல்லத்தை நான் படித்ததில்லை.

2022 டிசம்பர் கடைசியில், திருட்டு வழக்கில் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். முதலில் உடல்நலக்குறைவு என்றார்கள். உடலில் காயங்கள் இருந்தன. இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அரசு 2023இல் இல்லங்களின் நிலையை ஆராய முன்னாள் நீதிபதி சந்துருவை நியமித்தது. அவர் அதே வருஷம் அறிக்கை கொடுத்தார்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் புத்தாண்டு விடுமுறைக்கான இரவுப்பணிப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு கடை ஆப்பின் சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால் யார் போனை எடுப்பது, அவர் எடுக்காவிட்டால் யார், அவரும் எடுக்காவிட்டால் யார் என்று மூன்று அடுக்கு. சர்வருக்கு இவ்வளவு. கோளாறு இரவில் வரும் என்பது எங்களுக்குத் தெரியும், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறோம். பிள்ளைகள் விஷயத்தில் கோளாறு பகலில், ஆய்வாளர் வரும் நேரத்தில்தான் வரும் என்று நம்புகிறோம்.

போலந்தின் தலைநகர் வார்சாவில் 1912இல் யானுஷ் கோர்ச்சாக் என்ற டாக்டர் ஓர் அனாதை இல்லத்தை நடத்த ஆரம்பித்தார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் உண்டு. பிள்ளைகள் பிள்ளைகள்மேல் வழக்குப் போடலாம், பெரியவர்கள்மேலும் போடலாம். கோர்ச்சாக்மேலேயே வழக்குகள் வந்தன, அவர் போய் நின்றார். 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றியபோது, தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு அவரும் கூடவே ரயிலேறினார். உலகம் அவரை அந்த ரயிலுக்காக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் அதற்கு முன்னால் பல வருஷம் பிள்ளைகள் இருந்த கட்டடத்திலேயே படுத்துத் தூங்கியது. ராத்திரி யார் அழுதான் என்று காலையில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம் விதிகளின் புகார்ப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எழுதிப் போடுகிற பையன் அன்றிரவு எங்கே படுப்பான் என்பதுதான் கேள்வி.

நண்பனிடம் உன் விடுதியில் நல்ல வார்டன் யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறேன். ஒருத்தர் இருந்தாராம், ஒன்பதாம் வகுப்பில், எட்டு மாதம். குடும்பத்தை வெளியூரில் விட்டுவிட்டு விடுதி அறையிலேயே தங்கினார். கண்டிப்பானவர், பிரம்பு வைத்திருந்தார், அடிக்கவும் செய்தார். ஆனால் விளக்கணைத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். யாரையும் எழுப்ப மாட்டார், ஒன்றும் பேச மாட்டார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த எட்டு மாதம் படுக்கையை நனைக்கிற பையன்கள் விடிவதற்குள் போர்வையை அலசிக் காயப்போட அவர்தான் பின்கதவைத் திறந்து வைப்பார். “அந்த வருஷம் எங்களுக்கு யாரு யாருன்னே தெரியாது, அவனுங்க பேரு யாருக்கும் தெரியல” என்றான்.

அவருக்கு மாற்றல் வந்த அன்றைக்குப் பெரிய பையன்கள்தான் அவர் பெட்டியை பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கிப் போனார்கள். அன்றிரவு பின்கதவுச் சாவி அவர்களிடம் இருந்தது.